ஈரத்தைத் துடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது

கேள்வி சுருக்கமாக இதுதான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், ஸ்கூல் போகும் இரண்டு பிள்ளைகள், கூடவே வயதான மாமியார், சென்னையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், புழக்கத்துக்குப் போர் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்ப்பதும் கழுவுவதுமாகப் போகிறது, புதன்கிழமை பார்த்தால் வீடு பழையபடி ஆகிவிடுகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தே சமாளிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. அதற்கு முதலில் எதை எதிர்த்து வேலை செய்கிறோம் என்று தெரிய வேண்டும். நம் ஊரில் வீட்டைக் கெடுப்பது தூசியை விட ஈரம்தான். பாத்ரூம் டைல்ஸில் வெள்ளைப் படலம், தரையில் வழுக்கும் பாசி, சிங்க்குக்குக் கீழே கரப்பான், வாஷிங் மெஷின் ரப்பரில் கறுப்பு, மேடை துடைக்கும் துணியில் நாற்றம், ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டில் கொசுப்புழு, ஐப்பசி கார்த்திகையில் பீரோவுக்குள் பூஞ்சை, இவை எல்லாமே தண்ணீர் நின்ற இடத்தில் வருகிறவை. தூசி நாலு நாள் இருந்தாலும் ஒரு பெருக்கில் போய்விடும். ஈரம் ஒரு ராத்திரி இருந்தாலே அடுத்த வேலையை உண்டாக்கிவிடும். அதனால் விளம்பரத்தில் வரும் புது க்ளீனரை வாங்கும் முன்னால் பாத்ரூமுக்கு ஒரு ரப்பர் வைப்பர், சமையலறைக்குப் பழைய காட்டன் வேட்டியைக் கிழித்த ஏழெட்டுத் துண்டுகள், இவ்வளவையும் தயார் செய்துகொள்ளுங்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையில் பாதியை இவையே குறைத்துவிடும்.

இரண்டாவது, அழுக்குக்கு வயது உண்டு. தாளிக்கும்போது டைல்ஸில் தெறிக்கும் எண்ணெயையே பாருங்கள். அடுப்பு ஆறிய கையோடு ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சுவடு தெரியாமல் போகும். நாலு நாள் விட்டால் அதே எண்ணெய் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, மஞ்சளாக, கையில் ஒட்டும் பிசுக்காகிவிடும். பெயிண்டில் சேர்க்கும் ஆளி எண்ணெய் காய்ந்து இறுகுவதும் இதே முறையில்தான். சூரியகாந்தி எண்ணெய் அதிகம் புழங்கும் வீட்டில் இது தேங்காய் எண்ணெயை விடச் சீக்கிரம் நடக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் வெந்நீர், சோடா, நார், முழங்கை வலி எல்லாம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் படும் பாடு பெரும்பாலும் இந்த வயதான அழுக்கோடுதான். திங்கட்கிழமை அது அரை நிமிட வேலையாக இருந்தது.

சரி, எங்கே தொடங்குவது? சமையலறையில், ராத்திரியில். வேறு எந்த வேலை தவறினாலும் இது ஒன்று தவறக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வேன். காலையில் எழுந்து அடுப்படிக்குள் நுழையும்போது மேடை காலியாக, காய்ந்து இருந்தால் அன்றைய சமையலே வேறு மாதிரி ஓடும். சிங்க்கில் நேற்றைய குழம்புப் பாத்திரம் கிடந்தால், பால் காய்ச்ச ஒரு கிண்ணத்தைக் கழுவுவதிலேயே எரிச்சல் தொடங்கிவிடும்.

வரிசை இப்படி. சாப்பிட்டு எழுந்ததும் மிச்சத்தைச் சின்னப் பாத்திரங்களுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலிப் பாத்திரங்களில் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். இட்லி மாவுப் பாத்திரம், பால் பாத்திரம், சாதக் குக்கர் இந்த மூன்றுக்கும் முதலில் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் வேண்டாம். வெந்நீர் பட்டால் மாவும் பாலும் வெந்து இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மாவு காய்ந்து இறுகிய பாத்திரத்தை நகத்தால் சுரண்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அடுத்து அடுப்பு. பர்னர் ஸ்டாண்டைத் தூக்கி வைத்துவிட்டு, சொட்டு டிஷ் வாஷ் விட்ட ஈரத்துணியால் அடுப்பு, அதே கையோடு பின்னால் இருக்கும் டைல்ஸில் ஒரு முழ அகலம். டைல்ஸ் முழுக்கத் துடைக்க வேண்டாம், எண்ணெய் தெறிக்கும் அந்த முழ அகலம் போதும். பிறகு மேடை. இங்கேதான் பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: மிக்ஸியை நகர்த்துவதில்லை. மிக்ஸிக்கு அடியில், அந்த நாலு ரப்பர் காலுக்கு நடுவில், சட்னி வழிந்து காய்ந்து போன வட்டம் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். கரப்பான் குஞ்சுக்கு அது சாப்பாட்டு மேஜை. மிக்ஸியைத் தூக்கி ஒரு துடைப்பு, ஐந்து விநாடி. ஜாரைப் பொறுத்தவரை, அரைத்து முடித்ததும் கால் ஜார் தண்ணீரும் ஒரு சொட்டு டிஷ் வாஷும் விட்டு மூடி ஒரு சுற்று சுற்றிவிட்டால் பிளேடுக்குக் கீழே இருக்கும் தேங்காய்ச் சக்கை தானே வந்துவிடும்.

பாத்திரம் கழுவி முடித்ததும் சிங்க். சிங்க் ஓட்டையில் இருக்கும் ஜாலியில் தங்கிய சாதம், கறிவேப்பிலை, கடுகு எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் தட்டிவிட்டு, சிங்க்கை ஒரு தேய் தேய்த்துக் கழுவி, அப்புறம் காய்ந்த துணியால் சிங்க்கின் உள்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். சிங்க்கைக் கழுவத்தானே வேண்டும், எதற்குத் துடைப்பது என்று தோன்றும். கரப்பானுக்காகத்தான் சொல்கிறேன். அது சாப்பாடு இல்லாமல் வாரக்கணக்கில் தாக்குப் பிடிக்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. ராத்திரி அது வெளியே வருவதே தண்ணீர் தேடித்தான். முதுகில் இரண்டு கருங்கோடு ஓடும் அந்தச் சின்னக் கபில நிறக் கரப்பான் ஒவ்வொரு முட்டைப் பையிலும் 30, 40 குஞ்சுகளைச் சுமந்துகொண்டு திரியும். மருந்தடித்து அதைக் குறைக்கலாம், காய்ந்த சிங்க்கும் மூடிய குப்பைத் தொட்டியும் இல்லாமல் ஒழிக்க முடியாது. கடையில் கிடைக்கும் ஜெல் வைப்பதாக இருந்தாலும், சுற்றிலும் வேறு தீனி இல்லாதபோதுதான் அது ஜெல்லைத் தின்னும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்கவும் கூடாது, வாசனைக்கே அந்தப் பக்கம் வராது.

கூரியர் அட்டைப் பெட்டிகளையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கரப்பானும் அதன் முட்டைப் பையும் வீட்டுக்குள் வரும் முக்கிய வழிகளில் ஒன்று அது. பெட்டியை வாசலிலேயே பிரித்து, பொருளை மட்டும் உள்ளே எடுங்கள். 'எப்போதாவது உதவும்' என்று பரணில் அடுக்கி வைத்திருந்தால் இந்த வாரமே பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

குப்பை. மக்கும் குப்பை ராத்திரி வீட்டுக்குள் தங்கக் கூடாது, அல்லது இறுக்கமான மூடி போட்ட தொட்டியில் இருக்க வேண்டும். தொட்டிக்கு உள்ளே அடியில் ஒரு பேப்பரை மடித்துப் போட்டால் காய்கறி நீரை அது இழுத்துக்கொள்ளும், தொட்டி நாறாது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் குப்பை என்று தனித்தனியாகப் பிரித்துத் தர வேண்டும் என்பது 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. நாப்கின், டயப்பர் இரண்டையும் தனியாகப் பேப்பரில் சுற்றிக் கொடுங்கள், அதைக் கையால் எடுக்கிறவரும் நம்மைப் போல ஒரு மனிதர்தான். பிரித்து வைப்பதில் நமக்கும் லாபம் இருக்கிறது. மக்காத குப்பை வாரம் ஒருமுறை போனாலும் நாற்றம் வராது, தினமும் அவசரப்பட வேண்டியது ஒரு சின்னத் தொட்டி மட்டும்தான்.

கடைசியாக, துடைத்த துணி. மேடை துடைக்கும் துணியைச் சிங்க் ஓரத்தில் சுருட்டி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈரமாகச் சுருண்ட துணியிலும் ஊறிய ஸ்பாஞ்சிலும் ராத்திரி முழுக்கக் கிருமி பெருகும், காலையில் அதே துணியால் மேடையைத் துடைத்தால் நாற்றத்தை மேடை முழுக்கப் பூசிய மாதிரி. அதனால்தான் ஏழெட்டுத் துண்டு என்று சொன்னேன். தினமும் ஒன்று, ராத்திரி அதை அலசி விரித்துக் காயப்போடுவது, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் சோடா போட்ட கொதிநீரில் ஊறவைத்து வெயிலில் போடுவது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீர் வடியும்படி நிறுத்தி வையுங்கள், சோப்புக் கிண்ணத்துக்குள் போட்டு ஊறவிடாதீர்கள். இவ்வளவும் சேர்ந்து, பாத்திரம் கழுவும் நேரம் போக, பத்துப் பதினைந்து நிமிடம்.

அடுத்து பாத்ரூம். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து இருக்கின்றன. தண்ணீர் ஆவியாகும்போது அவை போவதில்லை, சுவரிலும் குழாயிலும் வெள்ளைப் படலமாகத் தங்கிவிடுகின்றன. இத்தோடு சோப்பு சேரும்போது இன்னொன்றும் நடக்கிறது: சோப்பில் இருக்கும் கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு கூடித் தண்ணீரில் கரையாத ஒரு பிசுக்காகிறது. உங்கள் பக்கெட்டின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், தண்ணீர் மட்டம் நிற்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் வழுவழுப்பாகத் தட்டுப்படும், அதுதான் இது. இந்த உப்பு படிவதற்கு ஒரே நிபந்தனை, தண்ணீர் அங்கேயே நின்று காய வேண்டும். அதற்கு முன் வழித்துவிட்டால் உப்பும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும்.

ஆகவே குளிக்கிறவர் யாராக இருந்தாலும், துண்டு கட்டிக்கொண்டு வெளியே வரும் முன் சுவரில் மேலிருந்து கீழே நாலு இழுப்பு, தரையில் வாசலிலிருந்து ஓட்டை வரை நாலு இழுப்பு, பக்கெட்டைக் கவிழ்த்து வைப்பது. ஒரு நிமிடம் ஆகாது. கடைசியாகக் குளிக்கிறவர் குழாயையும் ஒரு துணியால் துடைத்துவிட்டுக் கதவை அகலத் திறந்து வைக்கட்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் கொஞ்ச நேரம் ஓடட்டும். பாத்ரூம் காய்ந்து இருப்பது உங்கள் மாமியாருக்காகவும்தான். வயதானவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் குடும்பமே முடங்கிப் போகிறது. அந்தப் பாசியைத் தேய்த்து எடுப்பதை விட வரவிடாமல் செய்வது எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே படிந்துவிட்ட உப்புக்கு அமிலம்தான் மருந்து, ஆனால் மென்மையான அமிலம். ஜூஸ் பிழிந்த எலுமிச்சைத் தோலைக் குப்பையில் போடும் முன் குழாயில் நன்றாகத் தேய்த்து, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவித் துடையுங்கள். படலம் கெட்டியாக இருந்தால் வினிகரில் நனைத்த துணியைக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வைக்கலாம். ராத்திரி முழுக்க விட வேண்டாம், மேல்பூச்சு கெடும். தெருவில் பாட்டிலில் விற்கும் ஆசிட்டை வாங்கி ஊற்றுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். முதல் தடவை டைல்ஸ் பளிச்சென்று ஆகும், கூடவே டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் சிமெண்டை அரித்துவிடும். அப்புறம் அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கும், அழுக்கு முன்னை விட அதிகமாகத் தங்கும், அடுத்த தடவை இன்னும் அதிக ஆசிட் கேட்கும். மொசைக் தரையும் மார்பிளும் சுண்ணாம்புக் கல் வகை, அதில் ஆசிட் மட்டும் இல்லை, எலுமிச்சை, வினிகர் கூடப் படக் கூடாது, பளபளப்பு போய்விடும்.

இந்த ஒன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் க்ளீனரையும் ஒன்றாகப் போடாதீர்கள். டாய்லெட் க்ளீனரில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும், அது பிளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத சின்ன ஃபிளாட் பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து தேய்க்கும் ஒருவருக்கு அது நுரையீரல் வரை போகும். 'இரண்டையும் சேர்த்தால் டபுள் சுத்தம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு நாள் ஒன்று, நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு வேறொரு நாள் மற்றொன்று. வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், கையுறையும் வாங்கிக் கொடுங்கள். இன்னொன்று, ஃபினைலையும் ஆசிட்டையும் பழைய ஜூஸ் பாட்டில், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். குழந்தை குடிக்கும் பாட்டில் என்று எடுத்துவிடும்.

டாய்லெட்டுக்கு வாரம் இருமுறை க்ளீனர் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டு பிரஷ் போட்டால் போதும், தினமும் வெறும் பிரஷ் ஒரு சுற்று.

கொசு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பளபளவென்று இருக்கும் வீட்டிலும் டெங்கு வரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள். அதனால் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் பின்தட்டு, பூந்தொட்டிக்குக் கீழே இருக்கும் தட்டு, பால்கனியில் கிடக்கும் வாளி, மணிபிளாண்ட் பாட்டில், தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், எல்லாவற்றையும் கொட்டிக் காயவிடுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது. ஏடிஸ் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கும், காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த தடவை தண்ணீர் நிரம்பியதும் பொரியும். ஆகவே டிரம்மின் உள்பக்கத்தை நாரால் தேய்க்க வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். நெளியும் புழுவை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த வாரம் அவர்களே தேடிப் போவார்கள்.

தரைக்கு வருவோம். பெருக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள், மேலே இருப்பதைத் தட்டிய பிறகு கீழே பெருக்குங்கள், இவ்வளவுதான் இலக்கணம். மாப் போடுவதைத் தினமும் வீடு முழுக்கச் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. சமையலறைத் தரையும் சாப்பிடும் இடமும் தினமும், மற்ற அறைகள் ஒருநாள் விட்டு ஒருநாள். தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள், அதே வாளியில் மூன்று அறையையும் துடைத்தால் ஹால் அழுக்கு பெட்ரூமுக்குப் போகிறது, அவ்வளவே. ஃபினைலை மூடி மூடியாக ஊற்றினால் கூடுதல் சுத்தம் வராது, தரையில் ஒரு ஒட்டல் படலம் தங்கி அடுத்த நாள் தூசியைப் பிடித்து வைக்கும், காலில் பிசுபிசுக்கும். பாட்டிலில் போட்டிருக்கும் அளவே போதும். செருப்பு வாசலுக்கு வெளியே என்ற நம் வழக்கம் இருக்கிறதே, தரைக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை. உள்ளே ஒரு மிதியடி, வெளியே ஒரு மிதியடி, இரண்டையும் வாரம் ஒருமுறை உதறிவிடுங்கள்.

பொருட்கள் சிதறிக் கிடப்பது வேறு ரகப் பிரச்சினை, அது அழுக்கு இல்லை, ஆனால் வீட்டை அழுக்காகக் காட்டுவது அதுதான். மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குள் வரும் அந்த ஐந்து நிமிடத்தைப் பிடியுங்கள். ஷூ ஸ்டாண்டில், சாக்ஸ் துவைக்கும் கூடையில், பை ஆணியில், டிபன் பாக்ஸ் சிங்க்கில் திறந்து, தண்ணீர் ஊற்றி. அதன் பிறகுதான் பூஸ்டும் பிஸ்கட்டும். டிபன் பாக்ஸ் பைக்குள்ளேயே மூடிக் கிடந்து மறுநாள் காலையில் திறக்கும்போது வரும் அந்தத் தயிர்சாத வாடை, ரப்பர் வளையத்தில் ஏறிவிட்டால் லேசில் போகாது. பெரியவர்களுக்கும் இதே சட்டம்தான்: சாவி, ஹெல்மெட், ஆபீஸ் பை மூன்றுக்கும் வாசல் பக்கத்திலேயே இடம். அப்புறம் பெட்ரூமில் ஒரு நாற்காலி இருக்கும், அரைநாள் போட்ட சட்டை, மறுபடி போடலாம் என்று நினைக்கும் சுடிதார், காய்ந்து மடிக்காத துணி எல்லாம் அதன் மேல்தான். நாற்காலியை எடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நாலு கொக்கி அடியுங்கள். கொக்கியில் நாலு துணிக்கு மேல் தொங்காது, அதுவே கணக்கு. காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுக்கும்போதே அங்கேயே நின்று ஆளுக்கொரு அடுக்காக மடித்துவிட்டால் கட்டிலில் மலை சேராது.

வாஷிங் மெஷினைத் துணி எடுத்ததும் மூடாதீர்கள். ரப்பர் மடிப்பில் நிற்கும் தண்ணீரைத் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தே வையுங்கள், கறுப்புப் பூஞ்சை வராது. ஈரத்துண்டைக் கட்டில் மேல் போடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வெளியே துணி காயாது, வீட்டுக்குள்தான் கொடி கட்ட வேண்டிவரும். அப்போது ஒரே அறையில் ஃபேனுக்குக் கீழே காயப்போட்டு, அந்த அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். எல்லா அறையிலும் பரப்பினால் எல்லாச் சுவரும் ஈரமாகும். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வைத்தால் பின்னால் காற்று ஓடும், பூஞ்சை பிடிக்காது. மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் பீரோக் கதவையும் ஜன்னலையும் மத்தியானம் திறந்து போடுங்கள், தலையணைகளை வெயிலில் வையுங்கள். தலையணையிலும் மெத்தையிலும் நம் தோலிலிருந்து உதிர்வதைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் இருக்கின்றன, அவற்றுக்கும் ஈரக்காற்றுதான் உயிர். காலையில் எழுந்ததும் தும்மும் பிள்ளை இருந்தால் தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்துப் பாருங்கள்.

பூஜை அறைக்கு ஒரு வார்த்தை. விளக்குக்கு அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டால் தரையில் எண்ணெய் இறங்காது. பித்தளைக்குப் புளியும் உப்பும் போதும், தேய்த்தவுடன் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும். ஈரமாக விட்டால் மறுநாளே புள்ளி விழும்.

இப்போது முக்கியமான விஷயம், இதையெல்லாம் யார் செய்வது. மேலே எழுதியதை எல்லாம் ஒருவரே செய்தால் இது பழக்கம் ஆகாது, தண்டனை ஆகும். 2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாகத் தெரியவந்தது. அதிலும் அந்த வேலையைத் தொடுகிற பெண்கள் 81 சதவீதம், ஆண்கள் 26 சதவீதம்தான். இரண்டு பேரும் சம்பாதிக்கும் வீட்டில் இந்தக் கணக்கு அப்படியே ஓடினால், எந்த வழிமுறையும் மூன்று வாரத்துக்கு மேல் நிற்காது. 'ஹெல்ப் பண்ணவா' என்று கேட்கும் கணவரை விட, ராத்திரி அடுப்படியை மூடுவது என் வேலை என்று எடுத்துக்கொள்கிற கணவர்தான் வேண்டும். சமைத்தவர் அடுப்படியை மூட வேண்டாம், மற்றவர் மூடட்டும். இந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் இந்த வாரமே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கும்போது 'ரூமைச் சுத்தம் பண்ணு' என்று சொன்னால் அவர்களுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. 'தரையில் கிடக்கும் புத்தகத்தை எல்லாம் ஷெல்ஃபில் வை' என்றால் செய்வார்கள். ஆறேழு வயதுப் பிள்ளை சாப்பிட்ட தட்டை எடுத்துப் போடும், மேஜை துடைக்கும், சாக்ஸ் ஜோடி சேர்க்கும். பத்து வயதுக்கு மேல் வைப்பர் பிடிக்கலாம், குப்பை கொண்டு போகலாம், அது பையனாக இருந்தாலும் சரி, பெண்ணாக இருந்தாலும் சரி, இருவருக்கும் ஒரே வேலை. பையன் துடைத்த மேடையில் ஒரு ஓரம் விட்டுப் போயிருந்தால் அவன் எதிரிலேயே மறுபடி துடைக்காதீர்கள், அடுத்த நாள் அவன் துணியைத் தொட மாட்டான். மாமியாரால் உட்கார்ந்து செய்ய முடிகிற வேலைகள் நிறைய உண்டு: துணி மடிப்பது, கீரை ஆய்வது, காய்ந்த பாத்திரங்களை அடுக்கச் சொல்லிப் பிள்ளைகளை வேலை வாங்குவது. அவருக்கும் வீட்டில் தன் பங்கு இருக்கிறது என்ற நிறைவு கிடைக்கும். ஆனால் கேட்டுச் செய்யுங்கள், அவர் தலையில் கட்டிவிட வேண்டாம்.

இப்படி ஓடினால் ஞாயிற்றுக்கிழமைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வாரம் ஒரு வேலை முறை வைத்து: ஒரு வாரம் ஃபேன்கள், அதற்கு ஒரு பழைய தலையணை உறையை இறக்கைக்குள் நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டில் மேல் கொட்டாது. அடுத்த வாரம் ஃபிரிட்ஜ், கடைக்குப் போகும் முன்னால், அப்போதுதான் காலியாக இருக்கும். அதற்கடுத்து ஜன்னல் வலை, பிறகு எக்ஸாஸ்ட் ஃபேன் அல்லது சிம்னி வடிகட்டி, பிறகு ஒட்டடை. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஒன்று மட்டும், அதற்கு மேல் இழுக்காதீர்கள். போகிக்கும் ஆயுத பூஜைக்கும் வீட்டையே கவிழ்த்துப் போட்டுச் சுத்தம் செய்வது அதன்பாட்டுக்கு இருக்கட்டும், அந்த நாட்களில்தான் பரணும் கட்டிலுக்கு அடியும் வெளிச்சம் பார்க்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கிவிட வேண்டாம். முதல் இரண்டு வாரம் ராத்திரி அடுப்படியும் பாத்ரூம் வைப்பரும் மட்டும். வைப்பரை பால்கனியில் வைத்தால் யாரும் எடுக்கப் போவதில்லை, குளிக்கும் இடத்திலேயே, பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கொக்கி போட்டு மாட்டுங்கள். பழகிய பிறகு டிபன் பாக்ஸ், அப்புறம் துணி, கொசு நாள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். காய்ச்சல், பரீட்சை, ஊரிலிருந்து விருந்தாளி என்று வரும் வாரங்களில் ஹாலும் துணியும் எப்படி வேண்டுமானாலும் கிடக்கட்டும். சிங்க் காலியாக, குப்பை வெளியே, பாத்ரூம் தரை காய்ந்து, இந்த மூன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போய்ப் படுங்கள்.